குழந்தையை மடியில் வைத்து முன் சீட்டில் போகலாமா? சீட் பெல்ட், எயார்பேக் பற்றி வெள்ளவத்தைக் குடும்பம் ஒன்றுக்கு ஒரு பதில்

தங்கச்சி, நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்விகள். ஜப்பானில் இருந்து வந்த 2013 டொயோட்டா ஆக்சியோ கார் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். கணவர் ஓட்ட, நீங்கள் எட்டு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் போகிறீர்கள். பின்னால் ஆறு வயது மகளும் அம்மம்மாவும். முன்னுக்கு எயார்பேக் இருப்பதால் குழந்தை அங்கே இருப்பதுதானே பாதுகாப்பு என்பது முதல் கேள்வி. வெள்ளவத்தையில் இருந்து பம்பலப்பிட்டிக்கு ஊர்ந்துதானே போகிறோம், பின் சீட்டுக்கும் பெல்ட் தேவையா என்பது இரண்டாவது. எஸ்.ஆர்.எஸ். என்ற எயார்பேக் எச்சரிக்கை விளக்கு இடைக்கிடை எரிகிறது, கராஜில் அதை அணைத்துத் தருகிறோம் என்கிறார்கள், செய்யலாமா என்பது மூன்றாவது.

முதல் கேள்விக்கு மட்டும் விளக்கத்துக்கு முன்பே பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாளைக் காலையும் நீங்கள் அந்தக் காரில் ஏறுவீர்கள். குழந்தையை முன் சீட்டில் மடியில் வைக்காதீர்கள். இன்றோடு நிறுத்துங்கள். காருக்குள் ஒரு குழந்தைக்கு அதைவிட ஆபத்தான இடம் இல்லை. அந்த இடத்தை அவ்வளவு ஆபத்தாக்குவதே நீங்கள் நம்பியிருக்கும் எயார்பேக்தான்.

விபத்தில் சிக்கிய வாகனங்களைப் பார்த்துக் காப்புறுதிக்கு மதிப்பிடும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். பெல்ட் போட்டவர் இருந்த சீட்டுக்கும் போடாதவர் இருந்த சீட்டுக்கும் உள்ள வித்தியாசம் காருக்குள் தலையை விட்டதுமே தெரியும். ஒரு பக்கம் பெல்ட் இழுபட்டு, இறுகி, அப்படியே நின்றிருக்கும். மறுபக்கம் பெல்ட் புதிதாகச் சுருண்டிருக்கும்; முன் கண்ணாடியில் தலை பட்ட வெடிப்பு இருக்கும். அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கார் மோதும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். காலி வீதியில் மாலை நெரிசலில் யாரும் வேகமாகப் போவதில்லை, உண்மை. ஆனால் இரவு பத்து மணிக்கு மெரைன் டிரைவில் 50 கிலோமீற்றர் வேகம் சாதாரணம். அந்த வேகத்தில் போகும் கார் ஒரு சுவரிலோ எதிரே வரும் வாகனத்திலோ மோதி நின்றுவிட்டால், கார்தான் நிற்கிறது. உள்ளே இருப்பவர் அதே 50இல் முன்னுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். மூன்றாம் மாடியில் இருந்து விழுந்த ஒருவர் தரையில் படும் வேகம் அது. கையால் டாஷ்போர்டைப் பிடித்துத் தடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

பெல்ட்டின் வேலை உங்களைக் காரோடு சேர்த்துக் கட்டி வைப்பது. காரின் முன்பகுதி நசுங்க நசுங்க வேகம் குறைகிறது. நீங்களும் அதோடு சேர்ந்து குறைகிறீர்கள். அந்தப் பலத்தை உடம்பின் வலுவான எலும்புகள் தாங்குகின்றன: இடுப்பெலும்பு, காறை எலும்பு, நெஞ்செலும்பு. உங்களுடையது போன்ற கார்களில் முன் பெல்ட்டுகளுக்கு ஒரு சிறு வெடிப்பொறியும் உண்டு. மோதிய கணத்தில் அது வெடித்து, தளர்வாக இருக்கும் சில சென்ரிமீற்றர் பெல்ட்டை உள்ளே இழுத்து உங்களைச் சீட்டோடு சேர்த்துவிடும்.

எயார்பேக் அதற்குப் பிறகுதான் வருகிறது. மோதலை உணரி கண்டுபிடித்ததும் வேதிப்பொருள் ஒன்று எரிந்து வாயுவாகி, கண் சிமிட்டும் நேரத்துக்குள், ஏறக்குறைய 20இல் ஒரு பங்கு நொடியில், பை விரிந்துவிடும். மணிக்கு 300 கிலோமீற்றர் அளவு வேகத்தில் அது வெளியே வரும். முழுதாக விரிந்ததும் பின்பக்கத் துளைகளால் காற்று வெளியேறத் தொடங்கும். பெல்ட் ஏற்கெனவே வேகத்தைக் குறைத்துக் கொண்டுவந்த தலையையும் நெஞ்சையும் அந்த நேரத்தில் ஏந்திக்கொள்வதுதான் அதன் வேலை. அதாவது பெல்ட் போட்டு, நிமிர்ந்து, சீட்டில் சாய்ந்து இருக்கும் வளர்ந்த ஒருவரை மனதில் வைத்துத்தான் அந்தப் பை பொருத்தப்பட்டிருக்கிறது. பெல்ட் இல்லாதவர் பிரேக் பிடிக்கும்போதே முன்னுக்குச் சரிந்துவிடுவார். பை வெளியே பாயும் நேரத்தில் அவருடைய முகம் அதன் வாசலில் இருக்கும்.

அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கணக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. காரின் முன் சீட்டில் பெல்ட் மட்டும் போட்டால் மரண ஆபத்து ஏறக்குறைய 45 சதவீதம் குறைகிறது. பெல்ட் இல்லாமல் எயார்பேக் மட்டும் என்றால் 14 சதவீதம்தான். இரண்டும் சேர்ந்தால் 50 சதவீதத்தை எட்டுகிறது. அதே நிர்வாகம் இன்னொரு கணக்கும் வைத்திருந்தது. 1990 முதல் 2008 வரை, தப்பித்திருக்கக்கூடிய குறைந்த வேக விபத்துகளில் எயார்பேக் விரிந்ததாலேயே இறந்தவர்கள் 290 பேருக்கு மேல். அவர்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் பெல்ட் போடாதவர்கள், அல்லது சரியாகப் போடாதவர்கள். அதில் குழந்தைகளும் இருந்தார்கள். முன் சீட்டில் பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கையில் வைக்கப்பட்ட கைக்குழந்தைகளும் இருந்தார்கள். பிறகு வந்த எயார்பேக்குகளின் வேகத்தைக் குறைத்தார்கள், மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் அதன் முன்னால் கைக்குழந்தையை வைக்கலாம் என்று ஆகவில்லை. உங்கள் காரின் பயணிப் பக்கத்து வெயில் மறைப்பைக் கீழே இறக்கிப் பாருங்கள். குழந்தை இருக்கையில் குறுக்குக்கோடு போட்ட படம் ஒன்று அங்கே ஒட்டியிருக்கும்.

இப்போது மடியைப் பற்றி. "நான் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்" என்று எல்லாத் தாய்மாரும் சொல்வார்கள். அந்த அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 50 கிலோமீற்றர் வேகத்தில் நேராக மோதினால் 8 கிலோக் குழந்தை அந்தக் கணத்தில் ஏறக்குறைய 200 கிலோப் பாரத்தோடு முன்னுக்கு இழுக்கும். எந்தக் கைக்கும் அந்த வலிமை கிடையாது. முன் சீட்டென்றால் குழந்தை உங்களுக்கும் எயார்பேக்குக்கும் நடுவில் அகப்படும். பின் சீட்டென்றால் முன் சீட்டின் முதுகில் போய் மோதும். உங்கள் பெல்ட்டைக் குழந்தையையும் சேர்த்துச் சுற்றிப் போடுவது இன்னும் மோசம். உங்கள் உடம்பின் முழுப் பாரமும் பெல்ட்டுக்கும் உங்களுக்கும் இடையில் இருக்கும் குழந்தையின் மேல் வந்து விழும்.

எட்டு மாதக் குழந்தைக்கு வேண்டியது பின் சீட்டில், பின்பக்கம் பார்த்தபடி பொருத்தப்பட்ட குழந்தை இருக்கை. கைக்குழந்தையின் தலை உடம்போடு பார்த்தால் மிகப் பெரியது, கழுத்தோ இன்னும் உறுதியாகவில்லை. முன்பக்கம் பார்த்து இருந்தால் மோதலில் அந்தத் தலையின் பாரம் முழுவதையும் கழுத்து தாங்க வேண்டிவரும். பின்பக்கம் பார்த்து இருந்தால் தலை, கழுத்து, முதுகு எல்லாவற்றையும் இருக்கையின் முதுகு ஒன்றாக ஏந்திக்கொள்ளும். ஐரோப்பாவின் புதிய விதி குறைந்தது 15 மாதம் வரை இப்படி வைக்கச் சொல்கிறது. இருக்கையின் உயர, எடை எல்லை விடும்வரை, இரண்டு வயது தாண்டியும் அப்படியே வைத்திருங்கள் என்பதுதான் என் எண்ணம். கால் மடங்குகிறதே என்று பாட்டிமார் கவலைப்படுவார்கள். பிள்ளைகள் சம்மணம் போட்டு வசதியாகத்தான் இருப்பார்கள்.

இருக்கை வாங்கும்போது ஆர்44 அல்லது ஆர்129 என்ற அங்கீகார முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாடு போகிறவர்கள் விற்கும் பழைய இருக்கைகள் கொழும்பில் நிறையக் கிடைக்கின்றன. தெரிந்தவர்களிடம் இருந்து, விபத்தில் சிக்காதது என்று உறுதியாகத் தெரிந்தால் வாங்கலாம். வரலாறு தெரியாததை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்காதீர்கள். ஜப்பானில் 2012க்குப் பிறகு அறிமுகமான கார்களுக்கு குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் என்ற இணைப்பு கட்டாயம். பின் சீட்டின் இருக்கையும் முதுகும் சேரும் இடுக்கில் விரலை விட்டுப் பாருங்கள், தடித்த இரும்பு வளையங்கள் தட்டுப்படும். அதில் மாட்டக்கூடிய இருக்கை என்றால் பிழையாகப் பொருத்தும் வாய்ப்புக் குறைவு. சீட் பெல்ட்டால் கட்டுவது என்றால் முழங்காலால் இருக்கையை அழுத்திக்கொண்டு பெல்ட்டை இறுக்குங்கள். கட்டிய இடத்தில் பிடித்து ஆட்டினால் 2.5 சென்ரிமீற்றருக்கு மேல் அசையக் கூடாது. குழந்தையின் தோள்வார்களை இறுக்கிய பிறகு தோளுக்கு மேல் வாரை விரலால் கிள்ளிப் பாருங்கள். கிள்ளுவதற்குத் துணி அகப்பட்டால் இன்னும் இறுக்க வேண்டும். நுவரெலியாவுக்குப் போகும்போது தடித்த ஜாக்கெட்டைப் போட்டுவிட்டு அதன் மேல் வாரைக் கட்டாதீர்கள். முதலில் கட்டி, பிறகு மேலே போர்வையைப் போடுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் கொக்கி சுடும், அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குழந்தையை வையுங்கள்.

அழும், இருக்காது என்று சொல்வீர்கள். முதல் சில நாள் அழும்தான். நீங்கள் பின்னால் குழந்தைக்குப் பக்கத்தில் பெல்ட் போட்டு இருங்கள், அம்மம்மா வேண்டுமானால் முன்னுக்கு வரட்டும். முதலாம் நாளில் இருந்து இருக்கையிலேயே வளர்ந்த பிள்ளைக்கு மடி என்ற வழியே தெரியாது. இடையில் தொடங்குவது கொஞ்சம் கஷ்டம், அவ்வளவுதான்.

ஆறு வயது மகளைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை. நான் அதிகம் கவலைப்படுவது அந்த வயதுக்காரர்களைப் பற்றித்தான், ஏனென்றால் கைக்குழந்தைக்கு இருக்கை வாங்கும் பெற்றோர்கூட இவர்களை "பெரிய பிள்ளை" என்று விட்டுவிடுகிறார்கள். பாடசாலை விடும் நேரத்தில் டூப்ளிகேஷன் வீதியில் நின்று பாருங்கள். இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவில் எழுந்து நின்று அப்பாவோடு கதைத்துக்கொண்டு போகும் பிள்ளைகள் எத்தனை பேர்! கார் மோதினால் அந்தப் பிள்ளைக்கும் முன் கண்ணாடிக்கும் இடையில் எதுவும் இல்லை.

காரின் பெல்ட் வளர்ந்தவர் உடம்புக்கு அளவெடுத்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அதை அப்படியே போட்டால் மேல்பட்டி கழுத்தை அறுக்கும், கீழ்ப்பட்டி வயிற்றின் மேல் ஏறும். வயிற்றில் எலும்பு இல்லை. ஈரலும் குடலும்தான் இருக்கின்றன. கழுத்தில் உராய்கிறது என்று பிள்ளை மேல்பட்டியைக் கையிடுக்குக்குக் கீழேயோ முதுகுக்குப் பின்னாலோ தள்ளிவிட்டால் மேலுடம்பைப் பிடிக்க எதுவும் இல்லை. இதற்கு ஒரு பூஸ்டர் இருக்கை போதும். அது பிள்ளையை உயர்த்தி, கீழ்ப்பட்டி தொடையோடு ஒட்டி இடுப்பெலும்பில் கிடக்கவும், மேல்பட்டி தோளின் நடுவால் போகவும் வைக்கும். சாதாரணத் தலையணையை வைத்து உயர்த்துவது சரிவராது, மோதலில் அது அமுங்கி வழுக்கிவிடும். ஏறக்குறைய 145 முதல் 150 சென்ரிமீற்றர் உயரம் வரும்வரை பூஸ்டர் வேண்டும். வயதைப் பார்க்க வேண்டாம், உயரத்தைப் பாருங்கள். முதுகைச் சீட்டில் முழுதாகச் சாய்த்து இருக்கும்போது முழங்கால் சீட்டு விளிம்பில் மடிந்தால், பயணம் முழுக்க அப்படியே இருக்க முடிந்தால், பூஸ்டரை எடுத்துவிடலாம். அப்போதும் 12 வயது முடியும் வரை பின் சீட்டிலேயே இருக்கட்டும். மச்சாள் பிள்ளைகளும் சேர்ந்து வரும் நாளில் இரண்டு பிள்ளைகளை ஒரு பெல்ட்டில் கட்டாதீர்கள். மோதினால் ஒன்றின் தலை மற்றதன் தலையில் இடிக்கும். இடம் போதாவிட்டால் சிலர் இன்னொரு வாகனத்தில் வருவதுதான் வழி.

சரி, இரண்டாவது கேள்வி. பின் சீட்டுக்கும் பெல்ட் தேவையா? தேவை. அது பின்னால் இருப்பவருக்கு மட்டும் இல்லை. பெல்ட் போடாத அம்மம்மா மோதலில் முன்னுக்கு எறியப்பட்டால் அவர் மோதுவது உங்கள் கணவரின் சீட்டில். ஜப்பானின் விபத்துப் பதிவுகளை வைத்துச் செய்து 2002 இல் வெளியான ஆய்வு ஒன்று, பின்னால் இருப்பவர் பெல்ட் போடாவிட்டால் முன்னால் பெல்ட் போட்டு இருப்பவரின் மரண ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது என்று கண்டது. ஜப்பான் 2008 இல் பின் சீட்டுக்கும் பெல்ட்டைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் டாட்டா சன்ஸின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டெம்பரில் மகாராஷ்டிராவின் பால்கர் அருகே இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எயார்பேக் நிறைந்த மெர்சிடிஸ் கார். முன்னால் இருந்த இருவரும் பலத்த காயத்தோடு உயிர் தப்பினார்கள். பின்னால் பெல்ட் இல்லாமல் இருந்த இருவரும் இறந்தார்கள். இலங்கையில் முன் சீட்டுக்கு 2011 இல் இருந்து பெல்ட் கட்டாயம். அதிவேக நெடுஞ்சாலையில் பின்னால் இருப்பவர்களும் போட வேண்டும் என்று 2025 இல் அறிவித்தார்கள். ஆனால் பொலிஸ் பிடிக்குமா இல்லையா என்று பார்த்துச் செய்கிற காரியம் இல்லை இது.

கொழும்பில் பின் சீட்டு பெல்ட் போடாததற்குப் பாதிக் காரணம் சீட் கவர். கவர் தைத்துப் போடும்போது கொக்கிகள் அடியில் புதைந்துவிடும், பிறகு யாரும் அதைத் தேடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி மூன்று கொக்கிகளையும் வெளியே எடுங்கள். பெல்ட்டை முழு நீளத்துக்கு இழுத்து விளிம்பு பிரிந்திருக்கிறதா, வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். சட்டென்று இழுத்தால் பிடிக்க வேண்டும், விட்டால் தானாகச் சுருண்டு உள்ளே போக வேண்டும். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தால் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து நிழலில் உலர விடுங்கள். பிளீச் போடாதீர்கள், நூல் பலவீனப்படும்.

அம்மம்மாவுக்குச் சேலையோடு பெல்ட் போடுவது சங்கடமாக இருக்கலாம். முந்தானையை ஒதுக்கிவிட்டு, கீழ்ப்பட்டியைக் கொசுவத்துக்குக் கீழே, தொடை தொடங்கும் இடத்தில் படுக்க வையுங்கள். வயிற்றின் மேல் கட்டினால்தான் நோகும். வயதானவர்களுக்கு எலும்பு பலவீனம் என்பதால் பெல்ட்டே விலாவை உடைத்துவிடும் என்று சிலர் பயப்படுத்துவார்கள். உடைந்த விலா ஆறும். கர்ப்பிணிகளுக்கும் அதே முறைதான்: கீழ்ப்பட்டி வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பில், மேல்பட்டி மார்புகளுக்கு நடுவால் வயிற்றின் பக்கமாக. கர்ப்பம் என்று பெல்ட்டை விடவே கூடாது.

நல்லூர்த் திருவிழாவுக்கு இரவில் ஏ9 வீதியால் போகிறவர்களுக்கு ஒரு விடயம். நித்திரை வந்ததும் முன் சீட்டைப் படுக்கையாகச் சாய்த்துவிடுவது நம்மவர்களின் பழக்கம். சாய்ந்து கிடந்தால் மேல்பட்டி நெஞ்சை விட்டுக் காற்றில் தொங்கும். மோதலில் உடம்பு கீழ்ப்பட்டிக்கு அடியால் வழுக்கிப் போகும், பட்டி வயிற்றிலோ கழுத்திலோ வந்து நிற்கும். நித்திரை என்றால் சீட்டைக் கொஞ்சம் மட்டும் சாய்த்துத் தூங்குங்கள். டாஷ்போர்டில் காலைத் தூக்கி வைப்பதும் வேண்டாம். அந்த மூடிக்குள் எயார்பேக் இருக்கிறது. விரிந்தால் முழங்கால் முகத்துக்கு வரும், இடுப்பு மூட்டு உடையும்.

ஓட்டுபவருக்கும் ஒரு அளவு உண்டு. நெஞ்செலும்பில் இருந்து ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்குக் குறைந்தது 25 சென்ரிமீற்றர் இடைவெளி வேண்டும். நீங்களும் ஓட்டுவதாக இருந்தால், உயரம் குறைவென்று ஸ்டியரிங்கோடு ஒட்டி இருக்காமல், சீட்டை உயர்த்தி, முதுகைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள், இடைவெளி கிடைத்துவிடும். கைகளைக் கடிகாரத்தின் ஒன்பதுக்கும் மூன்றுக்கும் பிடியுங்கள். நெரிசலில் ஹோர்ன் அடிக்க வசதியென்று கையை நடுவில் குறுக்காக வைத்திருப்பவர்களின் முன்கை முறியும்.

டாஷ்போர்டில் பிள்ளையார் வைத்திருப்பீர்கள். மாதாவோ புத்தரோ, கொழும்புக் கார்களில் யாராவது ஒருவர் இருப்பார்கள். வைக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், இடத்தை மட்டும் பாருங்கள். பயணிப் பக்கத்தில் மூடி திறக்கும் கோடு மெல்லிதாகத் தெரியும். அதன் மேலோ அருகிலோ சிலை, வாசனைப் போத்தல், போன் பிடி எதையும் ஒட்டக் கூடாது. பை விரியும்போது அது நேராக முகத்தை நோக்கி வரும். ஒட்டத்தான் வேண்டுமென்றால் நடுப்பகுதியில், சிறியதாக, உறுதியாக ஒட்டுங்கள். சீட்டின் பக்கவாட்டில் எயார்பேக் என்று எழுதிய சிறு அடையாளம் தைத்திருந்தால், அந்தச் சீட்டுக்குச் சாதாரணக் கவர் போடாதீர்கள். பை கிழித்துக்கொண்டு வெளிவரும் வழியை அது மறைத்துவிடும்.

இன்னொன்று: பெல்ட் போடாமல் ஓடும்போது வரும் பீப் சத்தத்தை நிறுத்தவென்று வெறும் கொக்கி மட்டும் விற்கிறார்கள். அதை மாட்டிவிட்டால் பெல்ட் போட்டிருப்பதாகவே கார் நினைக்கும். உங்கள் காரோடு ஒன்று வந்திருந்தால் குப்பையில் போடுங்கள்.

மோதியும் எயார்பேக் விரியவில்லை, அது பழுது என்று என்னோடு வாதாடியவர்கள் பலர். பின்னால் இருந்து இடித்தால், பக்கவாட்டில் தட்டினால், முன் எயார்பேக் விரியத் தேவையில்லை, விரியவும் கூடாது. நேரே சுவரில் மோதுவதாக எடுத்துக்கொண்டால், மணிக்கு சுமார் 15 முதல் 25 கிலோமீற்றருக்குக் கீழே பெல்ட் மட்டுமே போதும் என்று கார் முடிவு செய்யும். பம்பர் எவ்வளவு உடைந்தது என்பதை வைத்து அதை மதிப்பிட முடியாது. விரிந்தால் பெரிய சத்தமும் வெள்ளைத் தூளும் புகையும் வரும். கார் எரிகிறது என்று பதற வேண்டாம், ஆனால் இழுப்பு உள்ளவர் இருந்தால் உடனே கண்ணாடியைத் திறந்து வெளியே வாருங்கள். ஒரு தடவை வெடித்த பையும், விபத்தில் இறுகிய பெல்ட்டும் திரும்பப் பாவிக்க முடியாதவை. மாற்றியே ஆக வேண்டும்.

இப்போது அந்த விளக்கு. சாவியைத் திருப்பியதும் எஸ்.ஆர்.எஸ். விளக்கு எரிந்து, சுமார் ஆறு நொடியில் அணைய வேண்டும். அணையாமல் நின்றாலும், ஓடும்போது இடைக்கிடை வந்தாலும், காரின் பாதுகாப்புத் தொகுதியில் எங்கோ பழுது இருக்கிறது. அந்த நிலையில் எயார்பேக்கும், பெல்ட்டை இழுக்கும் வெடிப்பொறியும் வேலை செய்யாமல் போகலாம். பெரும்பாலும் காரணம் சின்னதாக இருக்கும்: ஸ்டியரிங்குக்குள் இருக்கும் சுழல் கேபிள் அறுந்திருக்கலாம், அல்லது சீட்டுக்கு அடியில் உள்ள மஞ்சள் இணைப்பு சீட்டை முன்பின் தள்ளும்போது தளர்ந்திருக்கலாம். கணினியில் பிழைக் குறியீட்டைப் படிக்கக்கூடிய இடத்துக்குக் கொண்டுபோங்கள். மஞ்சள் உறை போட்ட அந்த வயர்களில் சாதாரண மீட்டரை வைத்துச் சோதிக்க யாரையும் விடாதீர்கள், பை வெடிக்கக்கூடும்.

"அணைத்துத் தருகிறோம்" என்று சொல்லும் கராஜ் எதைச் செய்யப்போகிறது என்று கேளுங்கள். பல்பைக் கழற்றுவது, வேறொரு விளக்கின் வயரோடு சேர்த்துவிடுவது, எயார்பேக் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மின்தடையைச் செருகி இருப்பதாகக் கணினியை ஏமாற்றுவது, இவை எல்லாவற்றையும் நான் பார்த்திருக்கிறேன். விபத்தில் பை வெடித்த காரைத் திருத்தி, வெறும் மூடியை மட்டும் ஒட்டி விற்பதும் நடக்கிறது. பஞ்சிகாவத்தையில் கழற்றி விற்கும் பழைய எயார்பேக்கை வாங்கிப் போடாதீர்கள். எந்தக் காரில் இருந்து வந்தது, தண்ணீரில் நின்றதா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜப்பான் கார் என்பதால் தகாத்தா எயார்பேக் பற்றியும் சொல்லியாக வேண்டும். தகாத்தா நிறுவனம் தன் எயார்பேக்குகளில் வாயு உண்டாக்க அமோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. வெப்பமும் ஈரமும் மாறி மாறி வருடக்கணக்கில் பட்டால் அது கெட்டுப்போய், வேண்டிய அளவுக்கு மேல் வேகமாக எரியும். அப்போது அதன் இரும்பு உறையே வெடித்துச் சிதறி, துண்டுகள் முன்னால் இருப்பவரின் கழுத்திலும் முகத்திலும் பாயும். ஹொண்டா, டொயோட்டா, நிசான், மஸ்டா உட்படப் பல நிறுவனங்களின் 2000களில் இருந்து 2010களின் நடுப்பகுதி வரையான கார்கள் இதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன; வாகன வரலாற்றிலேயே மிகப் பெரிய திரும்ப அழைப்பு இதுதான். தகாத்தா 2017 இல் வங்குரோத்தானது. நம்மைப் போலவே வெப்பமும் ஈரமும் உள்ள மலேசியாவில் இதனால் பலர் இறந்திருக்கிறார்கள். 2020 முதல் 2025 தொடக்கம் வரை இங்கே கார் இறக்குமதி நின்றிருந்ததால் பழைய கார்கள்தான் கைமாறிக் கைமாறி ஓடுகின்றன. ஜப்பானில் முதல் உரிமையாளருக்குப் போன திரும்ப அழைப்புக் கடிதம் வெள்ளவத்தைக்கு வராது.

உங்கள் காரும் அதில் அடங்குமா என்பது அடிச்சட்ட இலக்கத்தை (சேசிஸ் நம்பர்) வைத்துத்தான் தெரியும். பதிவுப் புத்தகத்தில் அந்த இலக்கம் இருக்கிறது. நிறுவனத்தின் ஜப்பானிய இணையத்தளத்தில் திரும்ப அழைப்புப் பக்கத்தில் அதை இட்டுப் பார்க்கலாம். பக்கம் ஜப்பானிய மொழியில் இருக்கும், போனில் மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். அது முடியாவிட்டால் இங்குள்ள முகவரிடம் இலக்கத்தைக் கொடுத்து, எயார்பேக் மாற்ற வேண்டியிருக்கிறதா, ஏற்கெனவே மாற்றியாயிற்றா என்று எழுத்தில் கேளுங்கள். மாற்ற வேண்டும் என்று பதில் வந்தால், மாற்றும்வரை அந்தப் பக்கத்து முன் சீட்டில் யாரையும் ஏற்றாதீர்கள். ஓட்டுநர் பக்கம் என்றால் காரை எடுக்காமல் நிறுத்திவையுங்கள். விளக்குக்காகக் கொண்டுபோகும் அதே நாளில் இதையும் கேட்டுவிடலாம், தனியாக ஒரு நாள் மினக்கெடத் தேவையில்லை.